ஒல்லிப் புத்தகக்காரர்கள் இங்கே வாருங்கள்

பொகவந்தலாவை டீச்சர்:

போன சனிக்கிழமை ஹட்டன் டவுனில் ஒரு புத்தகக் கடையில் நின்றேன். 80 பக்கத்தில் ஒரு சிறுகதைத் தொகுப்பு. எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தபோது கூட வந்த சிநேகிதி விலையைப் பார்த்துவிட்டு, "இத்துனூண்டு புத்தகத்துக்கா இவ்வளவு? வீட்டுக்குப் போற பஸ்ஸிலேயே முடிஞ்சிருமே" என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கு வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்த ஊர் இது. இங்கே புத்தகத்துக்குக் காசு கொடுக்கும் முன் யாரும் இரண்டு தரம் யோசிக்கத்தான் செய்வார்கள்.

ஆனாலும் வாங்கினேன். அன்றிரவே முழுதும் வாசித்து முடித்தேன், பிறகு விளக்கை அணைக்காமல் முதல் கதைக்கே திரும்பிப் போனேன். இதைத்தான் இங்கே கேட்க வேண்டும் என்று தோன்றியது. முதல் தடவை வாசிக்கும்போது "அடுத்து என்ன ஆகும்" என்று ஓடுகிறோம், அந்த ஓட்டத்தில் பாதி கண்ணில் படாது. இரண்டாம் தடவை, முடிவு தெரிந்துவிட்ட பிறகு, முதல் பக்கத்திலேயே அந்த மனுஷி ஏன் தேத்தண்ணியைக் குடிக்காமல் ஆறவிட்டாள் என்று தெரிகிறது. எனக்கு அந்த இரண்டாம் வாசிப்பில் கிடைக்கும் சந்தோஷம் வேறு எதிலும் கிடைப்பதில்லை. அதை அதே இரவில் கொடுப்பது ஒல்லிப் புத்தகம் மட்டும்தான். எனக்கு ரொம்பப் பிடித்த 600 பக்க நாவல் ஒன்று அலுமாரியில் இருக்கிறது. திரும்ப வாசிக்க வேண்டும் என்று ஐந்து வருடமாக நினைக்கிறேன், இன்னும் நடக்கவில்லை.

சிறுகதையை நாவலுக்கு ஏறும் படி என்று நினைக்கிறவர்கள், வாசிக்க நேரமில்லாதவர்களுக்கான சாமான் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள்? ஒரு கதை முடிந்ததும் என்ன செய்வீர்கள்?


சிங்கமலை:

டீச்சர், நான் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதம் ஒருமுறை ஊருக்கு வருவேன், ரயிலில் மூன்றாம் வகுப்பு, கொழும்புக் கோட்டையிலிருந்து பெரும்பாலும் நின்றுகொண்டுதான். ஒரு கையால் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையில் வைத்து வாசிக்கக்கூடியது ஒல்லிப் புத்தகம் ஒன்றுதான். அட்டையைப் பின்னால் மடித்து, பெருவிரலால் பக்கத்தைத் தள்ளி, அது ஒரு பழக்கம். தடிப் புத்தகத்தை அப்படிப் பிடித்தால் கம்பளைக்கு வரும் முன்னே மணிக்கட்டு விட்டுப்போகும்.

ஒரு தடவை நடந்ததைச் சொல்கிறேன். ஹட்டனில் வண்டி நின்று கிளம்பும்போது ஒரு கதையின் கடைசிப் பக்கத்தில் இருந்தேன். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறதல்லவா, அன்று எங்கள் பெட்டியில் லைட் எரியவில்லை. கடைசிக்கு முந்திய வரியை வாசித்து முடிக்கவும் இருட்டாகவும் சரியாக இருந்தது. பிள்ளைகள் வழக்கம்போல் கூச்சல் போட்டார்கள், டீசல் புகை, ஒன்றும் தெரியவில்லை. அந்த இருட்டுக்குள் நின்று கடைசி வரி என்னவாக இருக்கும் என்று நானே நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். வெளிச்சம் வந்து வாசித்தால் நான் நினைத்த எதுவுமே இல்லை, அந்த ஆள் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி வைக்கிறான், அவ்வளவுதான். தலவாக்கலையில் இறங்கும் வரைக்கும் அந்த மாடுதான் மனதில் நின்றது. செயின்ட் கிளேயர் அருவியை அன்று பார்த்த ஞாபகமே இல்லை.


நைட் டியூட்டி:

டீச்சர், ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை, கோபிக்க வேண்டாம். ஒரு தொகுப்பை ஒரே இரவில் முடிப்பது நல்லதில்லை என்று நினைக்கிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் வேலை. இரவு 2 மணிக்குப் பிறகு வார்டு கொஞ்சம் அடங்கும், அப்போது ஒரு கதை வாசிப்பேன். ஒன்றே ஒன்று. பிறகு எழுந்து ஒரு சுற்றுப் போய் எல்லாக் கட்டிலையும் பார்த்துவிட்டு வருவேன். அந்தச் சுற்றில்தான் எனக்குக் கதை வந்து சேர்கிறது. போர்வை விலகிக் கிடக்கிற ஒரு பாட்டியை மூடிவிடும்போது கதையில் வந்த கிழவி சொன்ன ஒரு சொல் திடீரென்று விளங்கும். உடனே அடுத்த கதைக்குப் போயிருந்தால் அது விளங்கியிருக்காது. அடுத்தடுத்து வாசித்தால் இந்தக் கதையின் கிழவியும் அந்தக் கதையின் கிழவியும் ஒருத்தியாகிப் போகிறார்கள். தொகுப்பில் பன்னிரண்டு கதை என்றால் எனக்குப் பன்னிரண்டு டியூட்டி. விலைக்கு இது காணாதா?


பதுளை ரோட்:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் நான் மற்றப் பக்கம் பேசுகிறேன்.

எங்கள் ஊவாப் பக்கம் மழை உங்கள் பக்கத்து மழை மாதிரி இல்லை. உங்களுக்கு மே மாதத்தில் தொடங்கும், எங்களுக்கு நவம்பர் தொடக்கம் ஜனவரி வரைக்கும். அந்த மழையில், மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிற நாட்களில், எனக்கு வேண்டியது தடியான நாவல். ஒரு குடும்பத்தோடு மூன்று மாதம் இருப்பது போல. சிறுகதையில் ஆளைப் பழகும் முன்னே அவர் எழுந்து போய்விடுகிறார், வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி. உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடிக்கக்கூட நேரம் கொடுப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதை நான் உணர்ந்து சொல்கிறேன். நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து இங்கே வந்து 200 வருடம் ஆனதை 2023 இல் மலையகம் 200 என்று நினைவுகூர்ந்தோம். மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களின் கதை, 1948 இல் பிரஜாவுரிமை போன கதை, 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று இரண்டு நாடுகள் உட்கார்ந்து தலை எண்ணிய கதை, இதெல்லாம் எட்டுப் பக்கத்துக்குள் அடங்குமா? எங்களுக்குத் தடித் தடியான நாவல்கள் இன்னும் வேண்டும். சிறுகதையே போதும் என்று நாம் திருப்திப்பட்டுவிட்டால் அது நம் மக்களுக்குச் செய்கிற குறை.


பொகவந்தலாவை டீச்சர்:

பதுளை ரோட் அண்ணா, நாவல் வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் "அடங்குமா" என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில்.

மு. சிவலிங்கம் ஐயாவின் ஒரு கதைக்குத் தலைப்பு "ஒப்பாரிக் கோச்சி". ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிப்போன வண்டிக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் அது. ஸ்டேஷனில் நின்றவர்களும் ஒப்பாரி, பெட்டிக்குள் இருந்தவர்களும் ஒப்பாரி. அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் என் பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார், கதை தொடங்கும் முன்னே. நீங்கள் சொன்ன 5,25,000 என்ற எண்ணைப் பாடப் புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆனதில்லை. ஒரு பிளாட்ஃபாரத்தை, ஒரு நாளை, ஒரு பெட்டியை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்க்கும்போதுதான் அந்த எண் எனக்குள் இறங்கியது.

அப்புறம், நம் எழுத்து ஏன் சிறுகதையில் வேர் பிடித்தது என்றும் யோசித்துப் பாருங்கள். எழுதியவர்கள் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார்கள், கணக்கு எழுதுகிறவர்கள், கடைச் சிப்பந்திகள். பகல் முழுக்க வேலை, இரவில் லாம்பு வெளிச்சம். போட இடம் கொடுத்தது தினகரன், வீரகேசரியின் ஞாயிறு இதழ்கள்; அப்புறம் 1966 இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை மாதிரிச் சஞ்சிகைகள். ஒரு பத்திரிகைப் பக்கத்தில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுக்குள் சொல்ல வேண்டும். அந்த நெருக்கடியிலிருந்து வந்த எழுத்து இது. நான் அதை மதிக்கிறேன்.

நைட் டியூட்டி அக்கா சொன்னது சரி. ஒரே இரவில் எல்லாவற்றையும் வாசித்தது ஆசையால். திரும்பிப் போய் வாசிக்கும்போது நானும் ஒரு நாளைக்கு ஒன்று என்றுதான் போகிறேன்.


லிந்துலை மகன்:

நான் இங்கே வழக்கமாக எழுதுகிறவன் இல்லை. ஆனால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், தங்கச்சி தம்பிகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று. 34 வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்திருக்கிறார். 2022 இல் கரண்ட் வெட்டு வந்ததே, 13 மணித்தியாலம் கூட வெட்டினார்களே, அப்போது டீவி இல்லை, போனில் சார்ஜ் இல்லை. ஒரு மெழுகுதிரியை வைத்துக்கொண்டு அம்மா அடுப்படியில் வேலை செய்ய நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை வாசித்துக் காட்டத் தொடங்கினேன். நாவல் ஒன்றைத்தான் முதலில் எடுத்தேன். இரண்டாம் நாள் "நேத்து யாரு யாரோட சண்டை போட்டாங்க" என்று கேட்டார், மூன்றாம் நாள் எனக்கே விட்ட இடம் தெரியவில்லை. அதனால் சிறுகதைக்கு மாறினேன். தொடங்கினால் அன்றைக்கே முடிய வேண்டும், இதுதான் அம்மாவின் நிபந்தனை. மெழுகுதிரி விலையும் அப்போது அப்படி.

என்.எஸ்.எம். ராமையாவின் "ஒரு கூடைக் கொழுந்து" எடுத்தேன். தலைப்பை வாசித்தேன். கதைக்குள் போக விடவில்லை. "இரு. ஒரு கூடைன்னா எந்தக் கூடை? அமத்துன கூடையா, பொலபொலன்னு கெடக்குற கூடையா?" என்றார். எனக்கு வித்தியாசம் தெரியாது. அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் காட்டினார். நிறை காட்ட வேண்டும் என்று சிலர் கூடைக்குள் கொழுந்தைப் போட்டு முழங்கையால் அமத்துவார்களாம். அப்படி அமத்தினால் உள்ளே சூடு ஏறி இலை கன்றிப்போகும், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கொட்டும்போது அடியில் இருப்பது சிவந்திருக்கும், கணக்கப்பிள்ளை சத்தம் போடுவார். "நல்லா எடுக்குறவ அமத்த மாட்டா" என்றார். பிறகு மழை நாளில் ஈரத்துக்கு என்று எத்தனை கிலோ கழிப்பார்கள், சாக்குக்கு என்று எவ்வளவு கழிப்பார்கள், எல்லாம் சொன்னார். அரை மணித்தியாலம் போனது. அதற்குப் பிறகுதான் கதை.

அந்தக் கதையை நான் கெம்பஸில் படித்திருக்கிறேன், அதைப் பற்றிப் பரீட்சையில் விடைகூட எழுதினேன். ஆனால் அன்றைக்குத்தான் வாசித்தேன் என்று சொல்ல வேண்டும்.


அச்சுக்கூடம்:

நல்ல இழை. கண்டியில் அச்சகத்தில் முப்பது வருடம் இருந்தவன் நான். ஒல்லிப் புத்தகம் எப்படி ஒல்லியாகிறது என்று சொல்கிறேன்.

16 பக்கம் ஒரு பாரம். 80 பக்கம் என்றால் ஐந்து பாரம். நம் ஆட்கள் பெரும்பாலும் சொந்தக் காசில்தான் புத்தகம் போடுகிறார்கள், சம்பளத்தில் மிச்சம் பிடித்தது, மனைவியின் நகை, சீட்டுக் காசு. ஒரு நாள் ஒருவர் தொகுப்பைக் கொண்டு வந்தார். எழுத்துக் கோத்துப் பார்த்தால் 86 பக்கம். ஆறு பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட வேண்டும், மிச்சம் பத்துப் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். அவரால் முடியாது. எழுத்தைச் சின்னதாக்குவோமா என்று கேட்டேன், "எங்க அப்பா வாசிக்கணும், கண் தெரியாது" என்றார். சரி, ஒரு கதையை எடுத்துவிடுவோமா என்றேன். அதற்கும் மனமில்லை. தாள்களை அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போனவர் ஒரு கிழமை கழித்து வந்தார். எந்தக் கதையையும் எடுக்கவில்லை. ஒவ்வொரு கதையிலும் அங்கே நாலு வரி, இங்கே ஒரு பந்தி என்று வெட்டி 80 பக்கத்துக்குள் கொண்டுவந்திருந்தார். பழைய புரூஃபும் புதிய புரூஃபும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, நான் இரண்டையும் வாசித்தேன். வெட்டியது அத்தனையும் "அவன் மனம் வேதனையால் துடித்தது" மாதிரி வரிகள். அவை போன பிறகு அந்த வேதனை எனக்குத் தெரியத் தொடங்கியது.

2022 இல் தாள் தட்டுப்பாடு வந்தபோது எத்தனையோ பேர் கையெழுத்துப் பிரதியோடு வந்து திரும்பிப் போனதைப் பார்த்தேன். அந்த வலி இன்னும் இருக்கிறது. அதனால் ஒல்லிப் புத்தகத்தைப் பார்த்து "இத்துனூண்டா" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது, டீச்சரின் சிநேகிதி மன்னிக்க வேண்டும்.

ஒரு சின்னக் குறிப்பு: நம் குளிருக்கும் மிஸ்ட்டுக்கும் கம்பிப் பின் அடித்த புத்தகங்களில் பின் துருவேறும், நடுப்பக்கத்தில் பழுப்பு அடையாளம் விழும். பின்னை மெதுவாகக் கழற்றிவிட்டு நூலால் தைத்து வையுங்கள். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் ஈரம் ஏறாது, ஆனால் புகை ஏறும். அலுமாரியில் வைத்து வெயில் நாளில் திறந்துவிடுவதுதான் நல்லது.


மழைக்கால வாசகன்:

துருப் பழுப்பு இருக்கிற பக்கத்தைப் பார்த்தாலே எந்தக் கதை என்று சொல்லிவிடுவேன்.


கண்டிக்காரன்:

ஒரு தகவல் சொல்ல ஆசை, இந்த இழைக்குப் பொருத்தம். ரஷ்யச் சிறுகதை எழுத்தாளர் செகாவ் 1890 நவம்பரில் இலங்கைக்கு வந்திருக்கிறார். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் சகலின் தீவில் கைதிகளின் வாழ்க்கையைப் பார்த்து எழுதப் போனவர், கப்பலில் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி, கோச்சி ஏறிக் கண்டிக்கும் வந்தார். இலங்கையைச் சொர்க்கம் என்று கடிதத்தில் எழுதினார். ஆனால் அந்தப் பயணத்தில் பிறந்த கதையில் சொர்க்கமும் இல்லை, தென்னைமரமும் இல்லை. "குசேவ்" என்று பெயர். வேலையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒரு நோயாளிச் சிப்பாய், கப்பலின் நோயாளர் அறையில் ஊர் போகக் காத்திருக்கிறான், செத்துப்போகிறான், பாய்த்துணியில் வைத்துத் தைத்துக் கடலில் போடுகிறார்கள். அவர் வந்த கப்பலிலும் வழியில் இரண்டு பேர் இறந்து கடலில் போடப்பட்டார்கள்.

பதினைந்து பக்கம் இருக்கும். ஆள் செத்த இடத்தில் கதை நிற்க வேண்டும் என்றுதானே நினைப்போம். நிற்கவில்லை. உடம்போடு சேர்ந்து தண்ணீருக்குள் இறங்குகிறது, மீன் கூட்டம் வருகிறது, சுறா வந்து துணியைக் கிழிக்கிறது, பிறகு மேலே பார்த்தால் வானத்தில் அப்படியொரு நிறம். நான் இதை முதலில் வாசித்தது பேராதனைப் பூங்காவுக்கு முன்னால் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

இன்னொன்று. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் அலன் போ 1842 இல் எழுதிய ஒரு கட்டுரையில், கதை என்பது அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், ஒரே இருப்பில் வாசித்து முடியக்கூடியதாக இருக்க வேண்டும் என்றார். நடுவில் எழுந்து உலக வேலைக்குப் போனால் அந்தப் பிடி விட்டுப்போகும் என்பது அவர் வாதம். லிந்துலை அம்மா போட்ட நிபந்தனையும் அதேதான்.


குவைத்தில் இருக்கும் மஸ்கெலியாப் பெண்:

எல்லாவற்றையும் வாசித்தேன். நான் இங்கே வீட்டு வேலை, ஏழாவது வருடம். போன் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் என் கையில். எந்த நேரம் கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் எனக்குச் சின்னக் கதைதான். புத்தகம் ஒன்றும் என்னிடம் இல்லை, நூலகம் இணையத்தளத்தில்தான் எடுக்கிறேன். 2005 இலிருந்து நம் பழைய புத்தகங்கள், சஞ்சிகைகள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிக் காசில்லாமல் வாசிக்கப் போட்டு வைத்திருக்கிறார்கள், அவர்கள் நல்லா இருக்க வேண்டும். பழைய மல்லிகை இதழ்களில் பக்க ஓரத்தில் யாரோ பென்சிலால் கோடு போட்டது அப்படியே தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்தால் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்.

கதையில் "இஸ்தோப்பு" என்று ஒரு சொல் வந்தது. நம் லயத்து வரிசை வீடுகளின் முன் திண்ணை. ஏழு வருடமாக அந்தச் சொல்லை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. அன்று அதற்கு மேல் வாசிக்கவில்லை.


நைட் டியூட்டி:

தங்கச்சி, உங்கள் பதிவை மூன்று தரம் வாசித்தேன். நீங்கள் ஓய்வாக இருக்கும்போது சொல்லுங்கள், ஒரு கதையை நான் வாசித்துக் குரல் பதிவாக அனுப்புகிறேன். கண்ணுக்கு ஓய்வாக இருக்கும்.


ராகலை அப்பா:

எனக்கு வாசிப்பே பழக்கமில்லை. மகள் ஓ.எல். பரீட்சை எடுக்கப்போகிறாள், அவளோடு சேர்ந்து தொடங்கலாம் என்று பார்க்கிறேன். எங்கே தொடங்க வேண்டும், யாராவது சொல்லுங்கள். நாவல் சொல்ல வேண்டாம், பயமாக இருக்கிறது.


பொகவந்தலாவை டீச்சர்:

ராகலை அண்ணா, துரைவி பதிப்பகம் வெளியிட்ட இரண்டு தொகுப்புகள் இருக்கின்றன. "மலையகச் சிறுகதைகள்" 33 கதை. "உழைக்கப் பிறந்தவர்கள்" 55 கதை. இரண்டும் தடியாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முன்னுரையை விட்டுவிடுங்கள். மகளிடம் கொடுத்துத் தலைப்புகளை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள், எந்தத் தலைப்பு இழுக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். பிடிக்காத கதையை இரண்டாம் பக்கத்தில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. நாவலில் அப்படிச் செய்தால் காசு வீண், இங்கே இன்னும் 54 இருக்கிறது.

வகுப்பில் நான் செய்கிறதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாடவேளை 40 நிமிடம். பாடத்தை முடித்து மிஞ்சுகிற நேரம் என்று ஒதுக்கினால் கதைக்கு நேரமே கிடைக்காது, அதனால் மாதத்தில் ஒரு பாடவேளையை முழுதாகக் கதைக்குக் கொடுத்துவிடுகிறேன். நான் படித்த காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் புத்தக அலுமாரி இருந்தது, ஆனால் பூட்டியே இருக்கும். கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகில் இருக்கிற தலைப்புகளை வாசிப்போம். ஒல்லிப் புத்தகங்களுக்கு முதுகில் எழுத்தே இருக்காது. எனக்கு அப்போதே அவற்றைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று துடிப்பாக இருக்கும்.

போன மாதம் கதைக்குப் பதிலாகக் குறுந்தொகையில் கபிலரின் ஒரு பாட்டு எடுத்தேன். குறிஞ்சித் திணை, நம்மைப் போல மலைக்காரப் பெண் சொல்வது. ஐந்தே வரி. யாருக்கும் தெரியாமல் அவன் என்னைச் சேர்ந்தான், அப்போது வேறு யாருமே இல்லை, அவனே இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன், தினைத்தாள் மாதிரிக் காலோடு ஒரு குருகு மட்டும் நின்றது, அதுவும் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. இவ்வளவுதான் பாட்டு. அந்தப் பறவை அவர்களைப் பார்க்கவே இல்லை! சாட்சிக்கு இருந்த ஒரே உயிரும் மீனைத்தான் பார்த்தது. இதை 300 பக்கத்தில் விரித்தால் அந்தப் பெண்ணின் பயம் கூடுமா, குறையுமா என்று பதுளை ரோட் அண்ணாவிடம் கேட்க ஆசை.


பதுளை ரோட்:

குறையத்தான் செய்யும். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் தங்கச்சி, அவள் பிறகு என்ன ஆனாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவன் திரும்பி வந்தானா, அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதா, தினைப் புனத்தை அடுத்த வருடம் யார் காத்தது. எனக்கு மனம் அப்படித்தான் போகிறது. நான் நாவல் வாசிப்பது ஆட்களை விட்டுப் பிரிய மனமில்லாததால். அதை மாற்றிக்கொள்ள முடியுமா தெரியாது. லிந்துலைத் தம்பி எழுதிய அமத்துன கூடை விஷயத்தை மட்டும் என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவளும் கொழுந்து எடுத்தவள். "சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றாள். இந்த ஞாயிறு அந்தக் கதையைத் தேடி எடுக்கப்போகிறோம்.


சிங்கமலை:

ராகலை அண்ணா, உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள்: மனதுக்குப் பிடித்த கதையைக் கையால் ஒருமுறை கொப்பியில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் கடையில் ஆட்கள் இல்லாத நேரம் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு கதை முழுவதும் எழுதினேன், நாலு நாள் ஆனது. எந்த இடத்தில் வசனம் சின்னதாகிறது, எங்கே நீளுகிறது என்று கைக்குத் தெரிகிறது. நாவலை அப்படி எழுத ஆயுள் காணாது.


லிந்துலை மகன்:

கடைசியாக ஒன்று எழுதிவிட்டுப் போகிறேன், நேற்று நடந்தது.

தெளிவத்தை ஜோசப்பின் "மீன்கள்" தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு லயத்துக் காம்பராவில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள், வளர்ந்த பிள்ளைகளோடு ஒரு புருஷன் பெண்சாதி எப்படி இருக்க முடியும் என்பதுதான் அந்தக் கதை. இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்கு வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன், அம்மாவிடம் இதை எப்படி வாசிப்பது என்று. நடுவில் அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லை. நானும் புத்தகத்தை மூடிவிட்டேன், அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. நாங்கள் ஆறு பேர் வளர்ந்ததும் அந்த மாதிரி ஒரு காம்பராவில்தான்.

டீச்சர் இந்த இழையைத் தொடங்கியதிலிருந்து இரண்டாம் வாசிப்பு என்ற பேச்சு என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நேற்று மழை, கரண்ட் போனது. அம்மாவே கேட்டார், "அந்த மீனுக் கதைய முடிக்கவே இல்லையே" என்று. இரண்டு வருடம் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். முதலிலிருந்து வாசித்தேன். இந்தத் தடவை எழுந்து போகவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை, கம்பளியைப் போர்த்திக்கொண்டு மெழுகுதிரியையே பார்த்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத எழுதுனவரு எந்தத் தோட்டம்?" என்றார்.

ஊவாப் பக்கம், தெளிவத்தை என்ற தோட்டத்தில் வாத்தியாராக இருந்தார், அந்தத் தோட்டத்துப் பெயரைத்தான் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார், 2022 இல் காலமாகிவிட்டார் என்றேன்.

"வாத்தியாருக்கு லயத்துல இருக்குறவுக கஷ்டம் எப்புடித் தெரிஞ்சது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. "கேட்டிருப்பாரு" என்று அம்மாவே சொல்லிவிட்டு, "யாரோ சொல்லியிருக்கா அவருகிட்ட" என்றார். அப்புறம் மெழுகுதிரியை ஊதி அணைத்தார்.